மனிதன் போருக்காகப் பிறந்தவனா?

பத்தாம் வகுப்பு மாணவி

"போர் என்பது மனிதனின் இரத்தத்திலேயே ஊறியது; அதை யாராலும் மாற்ற முடியாது" என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் அது உண்மைதானோ என்றே தோன்றுகிறது. பானிப்பட்டில் மூன்று போர்கள், கர்நாடகப் போர்கள் மூன்று, மைசூர்ப் போர்கள் நான்கு, உலகம் முழுவதற்குமாக இரண்டு! எந்த ஆண்டில் எந்தப் போர், யார் வென்றார், யார் தோற்றார், முடிவில் எந்த உடன்படிக்கை என்று மனப்பாடம் செய்தே நமக்கு அலுத்துவிடுகிறது.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதே இல்லை. படைத்தலைவர்களின் பெயர்களை எல்லாம் படிக்கிறோமே, அந்தப் படையில் துப்பாக்கி ஏந்தி நின்ற சாதாரணச் சிப்பாய் என்ன நினைத்தான்? எதிரே நின்றவனைக் கொல்ல அவனுக்கு உண்மையிலேயே மனம் இருந்ததா?

இது வீண் கேள்வி அன்று. கொல்வது மனிதனின் பிறவிக்குணம் என்றால், சமாதானத்திற்காக நாம் எடுக்கும் முயற்சிகளும் சொல்லும் செபங்களும் வெறும் கனவாகிவிடும். அது பிறவிக்குணம் அன்று, கற்பிக்கப்பட்ட ஒன்று என்றால், வேறுவிதமாகக் கற்பிக்கவும் வழி உண்டு. எது உண்மை? விடை தேட, 1914-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவுக்கு நாம் செல்ல வேண்டும்.

சேற்றில் நின்ற சேனைகள்

1914 ஜூன் 28-ஆம் நாள் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்டு சுட்டுக் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்குள் ஐரோப்பா முழுவதும் போர்த் தீ பற்றிக்கொண்டது. ஒருபுறம் ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும். மறுபுறம் பிரான்சும் ரஷ்யாவும் பிரிட்டனும். "கிறிஸ்துமசுக்குள் வெற்றியோடு வீடு திரும்பிவிடலாம்" என்று இரு தரப்பிலும் பலர் நம்பினார்கள். பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நம் நாட்டிலிருந்தும் படைகள் கப்பலேறின. அக்டோபர் மாதத்தில் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் போர்முனையில் நின்றார்கள்.

ஆனால் கிறிஸ்துமஸ் நெருங்கியும் எவரும் வீடு திரும்பவில்லை. அதற்குள் இலட்சக்கணக்கானோர் மடிந்திருந்தனர். எந்தப் படையாலும் முன்னேற முடியவில்லை. ஆகவே இரு தரப்பினரும் தரையைத் தோண்டிப் பதுங்குகுழிகளில் இறங்கிக்கொண்டனர். சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்திற்கு இந்தக் குழிகள் நீண்டு கிடந்தன. குழிக்குள் முழங்கால் அளவு சேறு, மேலே ஓயாத மழை, இரவில் எலும்பை ஊடுருவும் குளிர், எங்கும் எலிகள். தலையைச் சற்று உயர்த்தினால் குண்டு பாயும்.

எதிரியின் குழியோ வெகு தொலைவில் இல்லை. சில இடங்களில் நூறு மீட்டருக்கும் குறைவான தூரமே! இடையில் முள்கம்பியும், அடக்கம் செய்யப்படாத பிணங்களும் கிடந்த யாருக்கும் சொந்தமில்லாத நிலம். இவ்வளவு அருகில் இருந்ததால் எதிரி இருமுவது கேட்டது. அவன் பாடுவது கேட்டது. அவன் அடுப்பின் மணம்கூடக் காற்றில் வந்தது. "அவனும் நம்மைப்போலவே நனைகிறான், நடுங்குகிறான்" என்று சிப்பாய்களுக்கு மெல்லப் புரியத் தொடங்கியது.

இதை முதலில் கண்டு அஞ்சியவர்கள் மேலதிகாரிகள்தாம். பிரிட்டிஷ் தளபதி ஸ்மித்-டோரியன், டிசம்பர் 5-ஆம் நாளே ஓர் உத்தரவு பிறப்பித்தார். எதிரியோடு நட்பாகப் பேசுவதும், தாங்களாகவே சண்டையை நிறுத்துவதும், புகையிலையும் பிற பொருள்களும் மாற்றிக்கொள்வதும் கூடாது என்பதே அதன் சாரம். போர் தொடங்கி நான்கு மாதங்களில், "எதிரியோடு நட்புக் கொள்ளாதே" என்று எழுத்து மூலமாகக் கட்டளையிட வேண்டியிருந்தது! பகைமை அவ்வளவு இயல்பானது என்றால் இப்படி ஓர் உத்தரவு எதற்கு?

துப்பாக்கிகள் மௌனமான இரவு

அவ்வாண்டு செப்டம்பரில்தான் 15-ஆம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். டிசம்பர் 7-ஆம் நாள் அவர், கிறிஸ்து பிறந்த நாளிலாவது பீரங்கிகள் மௌனமாயிருக்கட்டும் என்று போரிடும் அரசுகளை வேண்டிக்கொண்டார். அரசுகள் இணங்கவில்லை. அரசுகள் செய்ய மறுத்ததைச் சிப்பாய்கள் செய்தார்கள்.

டிசம்பர் 24-ஆம் நாள் மழை நின்று, பனி உறைந்து, வானம் தெளிந்தது. பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகருக்குத் தெற்கே பல இடங்களில், இருள் சூழ்ந்ததும் ஜெர்மானியக் குழிகளின் விளிம்பில் சிறு சிறு ஒளிகள் தோன்றின. "இது என்ன புதுச் சூழ்ச்சி?" என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டு பார்த்தனர். அவை மெழுகுவர்த்திகள்! வீட்டிலிருந்து வந்த சிறிய ஊசியிலை மரங்களில் அவற்றை ஏற்றி வைத்திருந்தார்கள். பிறகு பாட்டு எழுந்தது. நம் கோவிலில் நள்ளிரவுப் பூசையில் நாமும் பாடுகின்ற அதே "சைலண்ட் நைட்" கீதத்தை அவர்கள் தங்கள் தாய்மொழியில் பாடினார்கள். பாடி முடித்ததும் எதிர்க்குழியில் கைதட்டல்! அடுத்து இவர்கள் பாட, அவர்கள் கேட்டார்கள்.

விடிந்ததும் ஒருவர், பின் இருவர் என்று ஆயுதமின்றிக் கைகளை உயர்த்திக்கொண்டு குழியை விட்டு மேலே வந்தார்கள். எவரும் சுடவில்லை. நடுநிலத்தில் கைகுலுக்கிக்கொண்டார்கள். சிகரெட்டு, புகையிலை, பிளம் புட்டிங், இறைச்சி, சட்டைப் பொத்தான்கள் என்று பரிசுகள் கை மாறின. போருக்கு முன் இலண்டனில் வேலை பார்த்த ஜெர்மானியர் பலர் இருந்ததால் மொழியும் தடையாயில்லை. முடிதிருத்தப் பழகியிருந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாய், மண்டியிட்டு அமர்ந்த ஒரு ஜெர்மானியனுக்கு முடி வெட்டிவிட்டதை ஓர் அதிகாரி கண்டு எழுதியிருக்கிறார். முதல் நாள் வரை குறி பார்க்கப்பட்ட தலை அது. இப்போது அந்தக் கழுத்தருகே முடிவெட்டும் கருவி மட்டுமே! சில இடங்களில் பந்து உதைத்து விளையாடியதாகவும் கடிதங்கள் சொல்கின்றன.

எல்லாவற்றிலும் நம் மனத்தைத் தொடுவது இறந்தவர்களின் அடக்கம். வாரக்கணக்காக நடுநிலத்தில் கிடந்த உடல்களை இரு தரப்பினரும் சேர்ந்து எடுத்தனர். ஓரிடத்தில் ஸ்காட்லாந்துப் படையினரும் ஜெர்மானியரும் கல்லறைகளின் முன் எதிரெதிரே நிற்க, 23-ஆம் சங்கீதம் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் ஜெர்மன் மொழியிலும் வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் வாசித்தவர் படையின் குருவானவர். ஜெர்மன் மொழியில் வாசித்தவர் வேதசாஸ்திரம் பயின்ற ஒரு மாணவர்.

நம் நாட்டவருக்கும் இதில் பங்கு உண்டு. இமயமலைச் சரிவுகளிலிருந்து வந்த கார்வால் ரைபிள்ஸ் படையினரும் எதிரே இருந்த ஜெர்மானியரோடு அன்று சமாதானமாகக் கலந்து பேசினர். இவர்களைக் கோழைகள் என்று எவரும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே படையைச் சேர்ந்த தர்வான்சிங் நேகி, தலையிலும் கையிலும் காயம்பட்ட பின்னும் போரிட்டு விக்டோரியா கிராஸ் விருதைப் பெற்றிருந்தார்.

அந்த நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீரர்கள் இத்தகைய சமாதானத்தில் கலந்துகொண்டதாக மதிப்பிடுகிறார்கள். சில இடங்களில் அது புத்தாண்டு வரை நீடித்தது.

ஏன் அவர்கள் சுடவில்லை?

இதை ஓர் அற்புதம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் காரணங்களை ஆராய்ந்தால்தான் நமக்குப் பயன்.

முதற்காரணம், முகம். தூரத்தில் இருக்கும்வரை அவன் "எதிரி". அருகில் வந்து தன் மனைவியின் புகைப்படத்தைக் காட்டும்போது அவன் ஒரு குடும்பத் தலைவன். முகத்தைக் கண்டபின் சுடுவது மனிதனுக்கு எளிதன்று.

இரண்டாவது, ஒரே துன்பம். மழைக்கும் சேற்றுக்கும் நாடு தெரியாது. நெடுந்தொலைவிலிருந்து உத்தரவு அனுப்பிய தளபதியைவிட, எதிர்க்குழியில் நனைந்துகொண்டிருந்தவனே அவர்களுக்கு நெருங்கியவனாகத் தோன்றினான்.

மூன்றாவது, பொதுவான ஒரு திருநாள். இரு தரப்பினரும் ஒரே பாட்டை வெவ்வேறு மொழிகளில் அறிந்திருந்தனர். யார் முதலில் கை நீட்டுவது என்ற தயக்கத்தை அந்தப் பாட்டு நீக்கியது.

ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். எல்லா இடங்களிலும் அன்று சமாதானம் நிலவவில்லை. தம் நாட்டையே இழந்துகொண்டிருந்த பிரெஞ்சு, பெல்ஜிய வீரர்களிடையே அது குறைவாகவே நிகழ்ந்தது. சில இடங்களில் வெள்ளைக் கொடியோடு எழுந்தவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கிறிஸ்துமஸ் நாளிலும் பலர் உயிர் துறந்தனர். எதிரியின் குழி எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துவரவே நடுநிலத்துக்குப் போன அதிகாரிகளும் உண்டு. மனிதன் தேவதூதன் அல்லன். ஆனாலும், ஆணையிட ஒருவருமின்றி, ஆணையை மீறி, இத்தனை பேர் தாங்களாகவே கொலையை நிறுத்தினார்கள் என்பது மறுக்க முடியாத உண்மை.

மீண்டும் பகையை மூட்டியது எப்படி?

இந்தச் செய்தி சிப்பாய்களின் கடிதங்கள் வழியாக ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1915 ஜனவரியில் இலண்டன் பத்திரிகையில் புகைப்படமே வெளியாயிற்று. இரு தரப்புத் தளபதிகளும் இனி இப்படி நடக்கவே கூடாது என்று கடுமையாக உத்தரவிட்டனர். 1915 கிறிஸ்துமஸின்போது, சற்று நேரம் சண்டையை நிறுத்த இடம் கொடுத்த ஒரு பிரிட்டிஷ் கேப்டன் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

ஆயினும் சிப்பாய்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். "நீ என்னை வாழவிடு, நான் உன்னை வாழவிடுகிறேன்" என்று சொல்லாமல் சொல்லிக்கொண்டார்கள். காலை உணவு நேரத்தில் சுடுவதில்லை. தண்ணீர், ரொட்டி கொண்டுவருபவர்களைச் சுடுவதில்லை. பீரங்கியை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் சுடுவார்கள். எதிரி அந்த நேரத்தில் அங்கே இருக்கமாட்டான். மேலதிகாரிக்குச் சத்தம் கேட்கும். எவருக்கும் காயம் படாது! டோனி ஆஷ்வொர்த் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1980-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இந்த மறைமுகச் சமாதானத்தை உடைக்க, இரவில் எதிரியின் குழிக்குள் புகுந்து தாக்கும்படி சிறு படைகள் கட்டாயமாக அனுப்பப்பட்டன. ஒரே இடத்தில் வெகுநாள் தங்கி நட்பு வளராதபடி படைகள் இடம் மாற்றப்பட்டன. ஓடிப்போனவர்களுக்கும் கீழ்ப்படியாதவர்களுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இராணுவம் தன் சொந்த வீரர்களை விடியற்காலையில் கம்பத்தில் கட்டிச் சுட்டது. அவ்வாறு கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு அரசு மன்னிப்பு வழங்கியது. 1917-இல் பிரெஞ்சுப் படையில் ஏறத்தாழப் பாதிப் பிரிவுகளில், "குழிகளைக் காப்போம், ஆனால் வீணாகச் சாவதற்கு முன்னேறமாட்டோம்" என்ற நிலையில் சிப்பாய்கள் நின்றனர். 500-க்கு மேற்பட்டோருக்கு மரண தண்டனை தீர்ப்பளிக்கப்பட்டது. அவர்களுள் ஐம்பதுக்கும் குறைவானோருக்கே அது நிறைவேற்றப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள்! பசித்தவனைச் சாப்பிட வைக்கச் சட்டம் தேவையில்லை. தாயைக் குழந்தையிடம் அன்பு காட்ட வைக்கத் தண்டனை தேவையில்லை. போரிட வைக்க மட்டும் இத்தனை சட்டமும், பயிற்சியும், தண்டனையும், தூக்குமேடையும் ஏன்?

சுடாத துப்பாக்கிகள்

இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சொல்வதையும் பார்ப்போம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் மூன்று நாள் கடும் சண்டை நடந்தது. சண்டைக்குப்பின் களத்தில் கிடந்த 27,574 துப்பாக்கிகள் சேகரிக்கப்பட்டன. அவற்றுள் சுமார் 24,000 துப்பாக்கிகள் மருந்து கெட்டித்தபடியே, சுடப்படாமல் இருந்தன. ஏறத்தாழ 12,000 துப்பாக்கிகளில் இரண்டு குண்டுகள். சுமார் 6,000 துப்பாக்கிகளில் மூன்று முதல் பத்து குண்டுகள் வரை! அந்தக் காலத்துத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் ஒரே குண்டுதான் கெட்டிக்க வேண்டும். அப்படியானால் சுடுவதுபோல் நடித்து, சுடாமலே மறுபடியும் மறுபடியும் கெட்டித்தார்களா? சிலர் அப்படித்தான் என்கிறார்கள். வேறு சிலர், அச்சத்திலும் கூச்சலிலும் வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல் செய்த பிழை என்கிறார்கள். இரண்டுமே இருந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1947-இல் எஸ். எல். ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கர் எழுதிய நூல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. சண்டையின்போது நூறு வீரர்களில் பதினைந்து முதல் இருபத்தைந்து பேரே எதிரியை நோக்கிச் சுட்டார்கள் என்று அவர் கூறினார். அவர் கணக்கெடுத்த முறை சரியில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்; எனவே அந்த எண்களை நாம் அப்படியே ஏற்க முடியாது. ஆனால் இராணுவப் பயிற்சி மாறியது என்னவோ உண்மை. முன்பெல்லாம் வட்டப் பலகையைப் பார்த்துச் சுடப் பழகியவர்கள், பிறகு மனித உருவத்தில் திடீரென்று எழும் இலக்குகளைச் சுடப் பழகினார்கள். யோசிப்பதற்கு முன்பே விரல் இயங்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சியின் நோக்கம். யோசித்தால் தயக்கம் வந்துவிடுமல்லவா?

அதே மனிதன் எப்படிக் கொல்கிறான்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "மனிதனுக்குக் கொல்ல விருப்பமில்லை என்றால் முதல் உலகப் போரில் ஏறத்தாழ 90 இலட்சம் வீரர்கள் இறந்தது எப்படி?"

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, தூரம். அந்தப் போரில் பெரும்பாலோரைக் கொன்றவை பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த பீரங்கிக் குண்டுகள். பீரங்கியை இயக்கியவன் தான் கொன்றவனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கருவிகள் வளர வளர முகம் மறைந்துகொண்டே போகிறது. 1945-இல் ஹிரோஷிமாவில் குண்டு வீசிய விமானம் தரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் தெரியமாட்டார்கள்.

மற்றொன்று, கீழ்ப்படிதல். "இது என் முடிவன்று, மேலிடத்து உத்தரவு" என்ற எண்ணம் மனச்சாட்சியை உறங்க வைத்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் நண்பன் என்ன நினைப்பானோ என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. கிறிஸ்துமஸ் அன்று கைகுலுக்கிய அதே பிரிட்டிஷ் இராணுவம், 1916 ஜூலை முதல் நாள் சோம் ஆற்றங்கரையில் எழுந்து முன்னேறியது. அந்த ஒரே நாளில் அதில் 19,240 பேர் மாண்டனர். அவர்கள் வெறியர்கள் அல்லர். நண்பனைக் கைவிட மனமில்லாதவர்கள். சொன்னதைச் செய்யப் பழகியவர்கள்.

கீழ்ப்படிதல் நல்ல குணமே. பள்ளியிலும் வீட்டிலும் அதைத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படியலாமா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வாலேயே பதில் சொன்ன இருவரைப் பார்ப்போம்.

பெஷாவரில் ஒரு ஹவில்தார்

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள். உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியிருந்த நேரம். எல்லைக் காந்தி கான் அப்துல் கபார்கான் கைது செய்யப்பட்டதை எதிர்த்துப் பெஷாவர் நகரத்தில் மக்கள் திரண்டனர். பிரிட்டிஷ் அரசு துப்பாக்கிப் பிரயோகம் நடத்தியது, பலர் மாண்டனர். அந்த நிராயுதபாணிகளான மக்களுக்கு எதிராகச் செயல்படக் கார்வால் ரைபிள்ஸ் படையின் இரண்டு பிளாட்டூன்கள் மறுத்துவிட்டன. அவர்களுக்குத் தலைமை வகித்தவர் ஹவில்தார் சந்திரசிங் கார்வாலி.

1914-இல் ஜெர்மானியரோடு கைகுலுக்கிய அதே படைதான் இது! சந்திரசிங்கும் முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்டவரே. எதிரே நின்ற மக்கள் பட்டாணிய முஸ்லிம்கள். இவர்களோ மலைநாட்டு இந்துக்கள். மொழி வேறு, மதம் வேறு. ஆனாலும் ஆயுதமில்லாதவரைச் சுட இவர்கள் கை எழவில்லை. சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மற்றவர்களும் சிறை சென்றனர். பல சிறைகளில் வாடிய அவர் 1941-இல்தான் விடுதலையானார்.

ஆஸ்திரியாவில் ஒரு விவசாயி

மற்றவர் ஃப்ரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஆஸ்திரியாவில் செயின்ட் ராடெகுண்டு என்னும் சிற்றூரின் கத்தோலிக்க விவசாயி. மனைவி பிரான்சிஸ்கா, அவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள். 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்துக்கொண்டு வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே.

1943 பிப்ரவரியில் போருக்கு அழைப்பு வந்தது. "ஹிட்லரின் அநியாயப் போரில் நான் ஆயுதம் ஏந்தமாட்டேன்; காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்யத் தயார்" என்பதே அவருடைய நிலை. ஊரார் தடுத்தனர். குருக்களும் எச்சரித்தனர். மேற்றிராணியாரே குடும்பத்தை நினைத்துப் பார்க்கும்படி சொன்னார். அவர் அசையவில்லை. அவரைக் கண்டித்தவர்கள் கெட்டவர்கள் என்று நாம் எண்ண வேண்டாம். அந்தச் சிறு குழந்தைகளை நினைத்தால் நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனால் பிரான்சிஸ்கா கணவர் பக்கம் நின்றார். 1943 ஆகஸ்டு 9-ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் ஃப்ரான்ஸ் தலை துண்டிக்கப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

போருக்குப் பின்னும் பல ஆண்டுகள் பிரான்சிஸ்கா ஊராரின் ஏச்சைச் சுமந்தார். ஆனால் காலம் மாறியது. 2007 அக்டோபர் 26-ஆம் நாள் லின்ஸ் நகரப் பேராலயத்தில் ஃப்ரான்ஸ், வேதசாட்சியாக முத்திப்பேறு பெற்றவர் வரிசையில் சேர்க்கப்பட்டார். 94 வயதான பிரான்சிஸ்கா அதைத் தம் கண்ணாரக் கண்டார்!

நாம் கற்றுக்கொள்வது என்ன?

இவற்றைச் சொல்வதால் போர்வீரர்களை நாம் குறைவாக எண்ணக்கூடாது. நம்மிடையே இராணுவத்தில் பணிபுரியும் தந்தையரின், அண்ணன்மாரின் குடும்பங்கள் உண்டு. நாட்டைக் காக்க எல்லையில் நிற்பவர் கொலைவெறி பிடித்தவர் அல்லர். அவரும் கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்கும் வீட்டை நினைத்து ஏங்குபவர்தாம். போரின் கொடுமையை மிக நன்றாக அறிந்தவரும் அவரே. ஆகவேதான் போரிலிருந்து திரும்பிய பலர் உடலில் காயமில்லாமலேயே மனம் உடைந்து போயினர். கொல்வது இயல்பான செயல் என்றால் மனம் ஏன் உடைய வேண்டும்?

1986-ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். போர் மனிதனின் பிறவி இயல்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வது விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். 1989-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. சேற்றில் நின்ற சிப்பாய்கள் 1914-இலேயே காட்டிய உண்மையை அறிஞர்கள் பின்னர் எழுதி வைத்தார்கள் எனலாம்.

அப்படியானால் மனிதனிடம் கோபம் இல்லையா, பொறாமை இல்லையா? உண்டு. வகுப்பில் ஒரு பெஞ்சுக்கும் மறு பெஞ்சுக்கும் நடக்கும் சச்சரவே அதற்குச் சாட்சி! ஆனால் கோபம் வேறு, போர் வேறு. கோபம் தானாக வரும், தணிந்தும் போகும். போரைப் பலர் கூடித் திட்டமிட வேண்டும். பணம் ஒதுக்க வேண்டும். பகையைக் கற்பிக்க வேண்டும். முகத்தை மறைக்க வேண்டும். "அந்த நாட்டார் எல்லோரும் இப்படித்தான், அந்த மதத்தார் எல்லோரும் அப்படித்தான்" என்று ஒரு கூட்டத்துக்கே ஒரு பெயரைச் சூட்டும்போது அந்த வேலை தொடங்கிவிடுகிறது. அதை நாமும் செய்ய முடியும், செய்யாமலிருக்கவும் முடியும்.

ரிச்சர்ட் ஷிர்மன் என்பவர் ஒரு ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். 1915 கிறிஸ்துமஸின்போது வோஜ் மலையில் படைவீரராக இருந்த அவர், ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் நண்பர்களாகக் கலந்ததைக் கண்டார். எல்லா நாட்டு இளைஞர்களும் சந்தித்துப் பழக இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. போருக்கு முன்பே மாணவர்களுக்காகத் தங்கும் விடுதிகளைத் தொடங்கியிருந்த அவர், 1919-இல் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். இன்று உலகின் பல நாடுகளில் உள்ள இளைஞர் விடுதிகள் அவர் நட்ட விதையிலிருந்து முளைத்தவை.

அவர் தளபதியும் அல்லர், மந்திரியும் அல்லர், ஆசிரியர். பகைமை கற்பிக்கப்படுவது என்றால் அதற்கு எதிரானதையும் கற்பிக்கலாம் என்று அவர் நம்பினார். மனிதன் போருக்காகப் பிறந்தவன் அல்லன். அவனைப் போருக்குப் பழக்குகிறார்கள். சமாதானத்துக்கும் அவனைப் பழக்க வேண்டும். அந்தப் பாடம் தொடங்க வேண்டிய இடம் போர்க்களம் அன்று. நாம் அமர்ந்திருக்கும் வகுப்பறைதான்.